மூக்கடைப்பு மாத்திரையும் 40 அடிக் கடலும்

சாமளாபுரத்தில் தறிக்குடோன் இருக்கும் வீடுகளில் தும்மலை யாரும் வியாதியாக மதிப்பதில்லை. பஞ்சு பறக்கிற இடத்தில் மூக்கு ஒழுகத்தானே செய்யும்? மெடிக்கலில் ஒரு அட்டை செட்ரிசின் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். என் தம்பியும் அந்த ரகம்தான்.

போன வருஷம் குடும்பத்தோடு அந்தமான் போனோம். ஹேவ்லாக்கில், 2018-லிருந்து அதற்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர், எல்லோருக்கும் ஸ்கூபா டைவிங் ஆசை. புதியவர்களைப் பயிற்சியாளர் கூடவே இருந்து அழைத்துப்போவார். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர், அதாவது சுமார் 40 அடி. இறங்குமுன் ஒரு படிவம் தருகிறார்கள். அதில் 10 மருத்துவக் கேள்விகள். கடைசிக் கேள்வி, டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பது. தம்பி 'இல்லை' என்று டிக் அடித்தான். அது பொய்யும் இல்லை. அவனுக்கு எந்த டாக்டர் எழுதிக்கொடுத்தார்?

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். நாமே கேட்டு வாங்குவதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நல்லவேளை, பயிற்சியாளர் தமிழ்ப்பெண். "சும்மா சளிக்குன்னு ஏதாச்சும்?" என்று வாயால் கேட்டார். அன்று காலை மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விட்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அவனுக்கு அனுமதி இல்லை என்றுவிட்டார்.

"இப்பத்தான் மூக்கு நல்லா தொறந்திருக்குங்களே!" என்றான் தம்பி.

"அதுதாங்க பயம்" என்றார் அவர்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. காதுக்குள் இருக்கும் காற்று சுருங்கும். மூக்கைப் பொத்தி மெல்ல ஊதி, தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் வழியாகக் காற்றை அனுப்பிச் சரிக்கட்ட வேண்டும். சொட்டு மருந்து அந்த வழியைத் திறந்து வைப்பதால் இறங்குவது சுலபம். ஆனால் கடலுக்கடியில் இருக்கும்போதே மருந்தின் வேகம் தீர்ந்து, வழி மறுபடி வீங்கி அடைத்துக்கொண்டால்? மேலே வர வர உள்ளே மாட்டிய காற்று விரியும். வெளியேற இடம் இருக்காது. கடும் வலி, மூக்கில் ரத்தம், சிலருக்குக் காதுச் சவ்வே கிழியலாம். இறங்கும்போது வலித்தால் திரும்பிவிடலாம். ஏறும்போது வலித்தால் எங்கே போவது? சிலிண்டரில் காற்று தீர்வதற்குள் வந்துதானே ஆகவேண்டும்.

படகில் வாந்தி வராமலிருக்கப் போடும் அவோமினும், சில சளி மாத்திரைகளும் தூக்கம் தரும். தண்ணீருக்குள் சுதாரிப்பு குறைவது ஆபத்து. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அங்கே மயக்கம் வருகிறதென்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் டாக்டர் சம்மதம் இல்லாமல் இறங்கவே கூடாது. அங்கே மருந்தைவிட நோய்தான் பெரிய ஆபத்து: நுரையீரலில் மாட்டிக்கொண்ட காற்றும் ஏறும்போது விரியத்தான் செய்யும்.

இதையெல்லாம் தீவில் போய்த் தெரிந்துகொள்வதைவிட, டிக்கெட் போடுவதற்கு முன்பே வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு நம் டாக்டரிடம் போய்க் காட்டிவிடலாம். மெடிக்கலில் நாமே வாங்கியதையும் சேர்த்து.