பொறுத்துக்கொள்ள வேண்டும்

அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த மின்னணுச் சாமான் எதை வாங்கினாலும் அதன் அடிப்பக்கத்திலோ, கூட வரும் கையேட்டிலோ எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். எஃப்.சி.சி. விதிகள், பகுதி 15. நிபந்தனை இரண்டு. ஒன்று, இந்தக் கருவி மற்றவர்களுக்குக் கெடுதலான இடையூறு செய்யக்கூடாது. இரண்டு, தனக்கு வரும் இடையூறு எதையும் இது ஏற்றுக்கொள்ள வேண்டும், அதனால் தாறுமாறாக வேலை செய்தாலும் சரி.

முதலாவது நியாயம். இரண்டாவதைப் படிக்கும்போதெல்லாம் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் பெண்ணுக்கு அந்தக் காலத்துப் பாட்டிகள் செய்யும் உபதேசம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

எஃப்.சி.சி. என்பது 1934-ல் அமைந்த அமெரிக்கத் தகவல் தொடர்பு கமிஷன். ரேடியோ அலைகளைப் பங்கு பிரித்துக் கொடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. லைசென்ஸ் வாங்கிய டி.வி. நிலையமும் போலீஸ் வயர்லெஸ்ஸும் பட்டாதாரர்கள். கார்ட்லெஸ் போன், பேபி மானிட்டர், கராஜ் கதவு ரிமோட் எல்லாம் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள். இருந்துவிட்டுப் போகலாம், உரிமை கேட்கக்கூடாது.

1980-களின் கடைசியில் நியூஜெர்சியில் மச்சினர் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவர்கள் கார்ட்லெஸ் போனை எடுத்தால் சாயங்காலங்களில் ஒரு குழந்தை அழும். யார் வீட்டுக் குழந்தை என்று தெரியாது. அப்போதைய போன்களில் கையில் பிடிக்கும் பாகம் 49 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பேசும். பேபி மானிட்டரும் அங்கேயேதான். மொத்தமே பத்து சானல். "அதுக்குப் பசிக்கறதுன்னு அவாளுக்குத் தெரியலையே!" என்று மச்சினர் மனைவி புலம்புவார். போய்ச் சொல்லவும் முடியாது. சொன்னால், "எங்க வீட்டை ஒட்டுக் கேட்கிறீங்களா?" என்பார்கள்.

விஷயம் அழுகையோடு நிற்கவில்லை. பழைய போன்களில் பூட்டு கிடையாது. அந்தச் சானலில் எந்தச் சமிக்ஞை வந்தாலும் நம் ஆள்தான் என்று நினைத்து அடிப்பெட்டி லைனைத் திறந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் கணக்கில் பேசலாம். அதைவிட மோசம், வெறும் இரைச்சலே டயல் செய்துவிடும். பழைய முறையில் ஒரு எண்ணை டயல் செய்வது என்றால் லைனை அத்தனை தடவை வெட்டி வெட்டி விடுவதுதான். இரைச்சலும் அதையே செய்யும். அவசர உதவி எண் 911 மூன்றே இலக்கம் என்பதால், யாருமே கூப்பிடாமல் அங்கே மணி அடித்தது. பதில் சொல்ல மறுமுனையில் ஆள் இல்லை.

இதற்கு மட்டும் 'பொறுத்துக்கொள்' என்று கமிஷன் சொல்லவில்லை. 1991-லிருந்து ஒவ்வொரு கார்ட்லெஸ் போனுக்கும் ரகசிய எண் கட்டாயம் என்றது. குறைந்தது 256 விதமான எண்கள் இருக்க வேண்டும். சொந்த எண்ணைச் சொன்னால்தான் அடிப்பெட்டி கதவைத் திறக்கும்.

ஆனால், இந்தப் பூட்டு லைனுக்குத்தான், பேச்சுக்கு இல்லை. ஐயோவா மாநிலத்தில் ஒரு குடும்பம் கார்ட்லெஸ்ஸில் பேசியதை அக்கம்பக்கத்தார் தங்கள் கார்ட்லெஸ்ஸில் கேட்டு, போலீஸிடம் சொன்னார்கள். குடும்பம் வழக்குப் போட்டது. கார்ட்லெஸ்ஸில் பேசுகிறவர் அந்தரங்கத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று 1989-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் சட்டத்தின் ஆசீர்வாதமும் இருந்தது. 1986-ல் வந்த ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டம், கைபாகத்துக்கும் அடிப்பெட்டிக்கும் நடுவே காற்றில் போகும் பேச்சை மட்டும் விலக்கி வைத்திருந்தது. அதைச் சேர்க்க 1994 ஆயிற்று. அதுவரை ஒரே பாதுகாப்பு, போனில் ஒட்டியிருந்த எச்சரிக்கை லேபிள்: 'அந்தரங்கத்துக்கு உத்தரவாதம் இல்லை.'

அடுத்து வந்த டிஜிட்டல் போன்கள் பேச்சை ஓரளவு மறைத்தன. ஆனால், நாட்டுக்கு நாடு பட்டா வேறு. 2005-ல் அமெரிக்கா 1920-லிருந்து 1930 மெகாஹெர்ட்ஸ் வரை 'டெக்ட் 6.0' போன்களை அனுமதித்தது. (அந்த 6.0-க்கு அர்த்தம் தேடாதீர்கள். ஏற்கெனவே கடையில் 5.8 கிகாஹெர்ட்ஸ் போன் இருந்தது, அதைவிடப் பெரிய எண், அவ்வளவுதான்.) பல நாடுகளில் அதே இடம் செல்போன், டவருடன் பேசும் பாதை. நியூஜெர்சியில் சாதுவாக இருந்த போனை சிட்னியில் இருக்கும் மகளுக்குப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனால், அங்கே அது சட்டவிரோதச் சாமான். தெரு முனை டவருக்குத் தொல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் அதைப் பயன்படுத்தத் தடை.

முதல் நிபந்தனை அடுத்தவருக்காக, இரண்டாவது நமக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டுமே பட்டாதாரருக்காகத்தான். 911-க்குத் தொல்லை வந்தபோது அரசாங்கம் பூட்டுப் போட்டது. நம் வீட்டுப் பேச்சு தெருவுக்குப் போனபோது லேபிள் ஒட்டியது. வீட்டில் வைஃபை பெட்டி இருந்தால் திருப்பிப் பாருங்கள். பகுதி 15 என்று போட்டிருந்தால் அதுவும் புறம்போக்குக் குடிசைதான். பாஸ்வேர்டையாவது நாமே போட்டுக்கொள்வோம்.