துலாம்பென் கப்பல்

பாலித் தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோயில்களையும் வயல்களையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். என் மகள் எங்களை வடகிழக்கே துலாம்பென் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே கரையிலிருந்து சுமார் 30 மீட்டர் தூரத்திலேயே ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. படகே வேண்டாம், நடந்தே கடலில் இறங்கலாம். முதல் தடவை முங்குகிறவர்களையும் பயிற்சியாளர் கூடவே வந்து அழைத்துப் போகிறார்.

"அறுபத்து மூணு வயசுல இது தேவையாங்க?" என்றாள் வீட்டம்மா. டாக்டர் சான்றிதழைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டாள் என்று எழுத ஆசைதான். மூடவில்லை.

கப்பலின் பெயர் லிபர்ட்டி. 1918-இல் கட்டிய அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் லொம்போக் அருகே ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. இழுத்துப் போகப் பார்த்தார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்ததால் துலாம்பென்னில் கரையேற்றி விட்டார்கள். 21 வருடம் அங்கேயே கிடந்தது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அப்போதுதான் கடலுக்குள் சரிந்தது. அது ஏற்றி வந்த சரக்கில் ரப்பரோடு ரயில்வே தளவாடங்களும் உண்டு. ரயில்வே ஸ்டோர்ஸிலேயே முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவனுக்கு வேறென்ன காரணம் வேண்டும்?

கரை முழுக்கக் கறுப்புக் கூழாங்கற்கள். காற்று சிலிண்டர்களை உள்ளூர்ப் பெண்கள் தலையில் சுமந்து வருகிறார்கள். எனக்கோ ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு நிற்கவே முடியவில்லை.

மூன்று மீட்டர் இறங்கியதும் காதில் ஊசி குத்துவது போல வலி. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயிற்சியாளர் பையன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான், மேலே போய்விடலாமா என்று. போயிருந்தால் மறுபடி இறங்கியிருக்க மாட்டேன். தலையை ஆட்டினேன். கொஞ்சம் மேலே ஏறி, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியதும் 'டப்'பென்று காது திறந்தது. ஒன்று மட்டும் கரையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: மூச்சை அடக்கவே கூடாது. மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடுமாம்.

பிறகு கப்பல் தெரிந்தது. பக்கவாட்டில் சாய்ந்து, இரும்பே தெரியாதபடி பவளம் மூடியிருந்தது. பாரை மீன் கூட்டம் ஒன்று எங்களைக் கண்டுகொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எதையும் தொடக்கூடாது என்பதால் கைகளைக் கட்டிக்கொண்டேன், ஆபீசர் ரவுண்ட்ஸ் போவது போல.

என் போன்ற புதியவர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை. கப்பலோ 30 மீட்டர் வரை இறங்கிப் போகிறது. நீலம் கறுத்துப் போகும் அந்தப் பக்கத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், பையன் வந்து காற்று மீட்டரைத் தட்டிக் காட்டும் வரை.