யார் சொன்னது?

2006 சித்திரையில் சம்பூரை விட்டு ஓடிவந்து கிளிவெட்டி முகாமில் கிடந்த நாங்கள், காணியைத் திரும்பப் பெறப் பத்து வருடமளவு சென்றது. அதற்குள் ஆண்துணையில்லாத பெண் எந்த வேலைக்கும் "ஓம்" சொல்லுவாள் என்பதை முதலாளிமார் நன்றாக அறிந்துகொண்டார்கள்.

நான் வேலை செய்யும் அரிசி ஆலையின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே மோட்டாரிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் பெல்ட்டுக்கு மறைப்பு இருக்கவில்லை. போன வருடம், உமி கூட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவரின் முந்தானையை அது இழுத்துவிட்டது. கை முறிந்தது. முதலாளி கொஞ்சக் காசைக் கொடுத்து, "வீட்டில் விழுந்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லு" என்றார். மறைப்புக்குத் தேவையான தகரம் அந்தக் காசுக்குள்ளேயே முடிந்திருக்கும்!

ஏன் அப்படிச் சொல்லச் சொன்னார்? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு மறைப்பு இருக்கவேண்டும் என்கிறது. விபத்தில் ஒருவர் இறந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமற் போனாலோ, தொழில் திணைக்களத்தின் பரிசோதனைப் பொறியியலாளருக்கு முதலாளி உடனே அறிவிக்கவேண்டும். அறிவித்தால் அவர் வருவார். வந்தால் பெல்ட்டைப் பார்ப்பார்.

நாங்கள் மூன்று பேர் திருகோணமலையிலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் கால் கூசியது. பெயர் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது எம்மவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லையே. அங்கிருந்த உத்தியோகத்தர் விளங்கப்படுத்தினார். சர்வதேச தொழில் தாபனத்தின் 81ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1956இலேயே ஏற்றிருக்கிறதாம். அதன்படி முறைப்பாடு செய்தவர் யார் என்பதைப் பரிசோதகர் வெளியிடக்கூடாது. முறைப்பாட்டின் பேரில் வந்தேன் என்றுகூட முதலாளியிடம் சொல்லக்கூடாது.

அவர் சொன்னபடியே நடந்தது. பொறியியலாளர் ஒரு சாதாரண நாளில் வந்து, மலசலகூடம், வாசல், மின்கம்பி எல்லாம் பார்த்து, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார். கடைசியாகத்தான் பெல்ட்டுக்கு வந்தார். அவர் போனபின் முதலாளி எங்களை வரிசையாக நிறுத்தி, "யார் சொன்னது?" என்று கத்தினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு கிழமைக்குள் மறைப்பு வந்தது. வழக்கு வரவில்லை, எனக்கு அதில் மனக்குறைதான். ஆபத்தான இயந்திரத்தை நிறுத்திவைக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. ஒரு கிழமை ஆலை நின்றிருந்தால் மற்ற ஆலைக்காரரும் தகரம் வாங்கியிருப்பார்கள்.

பெல்ட்டாவது கண்ணுக்குத் தெரிகிறது. 2018 ஏப்ரலில் ஹொறணையில் ஒரு இறப்பர்த் தொழிற்சாலையின் அமோனியாத் தாங்கியில் விழுந்தவரும், காப்பாற்றப் போனவர்களுமாக ஐந்து பேர் இறந்தார்கள். அங்கே கொன்றது காற்று.

அக்கா ஆஸ்பத்திரியில் பொய் சொல்லவில்லை. டாக்டர் துண்டில் "இயந்திர விபத்து" என்றே எழுதியிருக்கிறது. அந்தத் துண்டை வைத்துத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பித்திருக்கிறார். உச்ச நட்டஈடு முன்பு 550,000 ரூபாய். 2022ஆம் ஆண்டின் திருத்தத்தில் அது 2,000,000 ரூபாயாக உயர்ந்தது. அவருடைய கைக்கு எவ்வளவு வரும் என்பது வைத்திய அறிக்கையைப் பொறுத்தது. "வீட்டில் விழுந்தவள்" என்றுதான் முதலாளி தரப்பு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்த தவணைக்குச் சாட்சியாக நான் போகிறேன். இம்முறை என் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.