உப்புக்காற்றில் ஒரு ரிலே

மேசைமேல் கிடந்த ரிலே பலகையை எடுத்துக் கொடுத்தார் மரக்காணத்து எலக்ட்ரீஷியன் ஒருவர். செம்புத் தடங்கள் பச்சை பூத்திருந்தன. திருகு முனைகளில் ஒன்று விரல் பட்டதும் உதிர்ந்தது. "ரெண்டு வருஷம்கூட ஆகல சார். சென்னையில இதே பலகை பத்து வருஷம் ஓடும்" என்றார்.

மரக்காணத்தில் உப்பு விளைவிப்பது நேற்று இன்று வந்த தொழில் இல்லை. பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உப்பளம் வருகிறது. புதிதாக வந்தவை கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துக் கடற்கரை வீடுகளும் விடுதிகளும்தான். சொந்தக்காரர்கள் சென்னையிலோ புதுச்சேரியிலோ இருப்பார்கள். விளக்கு, கேட், தண்ணீர் மோட்டார் எல்லாம் கைபேசியிலிருந்தே ஓட வேண்டும் என்பார்கள். அந்தக் கட்டளைக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்தான் ரிலே. உப்பளக் குடும்பத்தில் பிறந்த இந்த எலக்ட்ரீஷியனின் பிழைப்பு அவர்களை நம்பித்தான். இவர் பின்னால் போய்ப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டது: இந்த வேலையில் மென்பொருள் கால்வாசி, மீதி முழுக்க உப்பைப் புரிந்துகொள்வது.

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்துகள் காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொண்டு கரையத் தொடங்கும். இந்தக் கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். பகலில் பலகைமேல் படிந்த உப்புத்தூசி, இரவில் மெல்லிய உப்புநீர்ப் படலமாகிவிடுகிறது. அது மின்சாரத்தைக் கடத்தும். நேர்மின் பக்கத்துச் செம்பை மெல்ல மெல்லத் தின்றும்விடும். அதனால் பலகை முழுக்க வார்னிஷ் பூசுகிறார். வயர்களைப் பெட்டியின் அடிப்பக்கமாகவே நுழைக்கிறார், அதுவும் ஒரு வளைவு தொங்கவிட்டு. வயர் வழியே வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பிறகுதான் கணினியைத் திறக்கிறார். ரிலேக்களை இயக்கும் ஈஎஸ்பி32 சில்லின் எந்தக் காலில் எந்த ரிலே என்று எழுதும்போது அவசரப்படுவதில்லை. மின்சாரம் வந்து சில்லு விழிக்கும் அந்தக் கணத்தில் சில கால்கள் தாமாகவே உயிர்பெற்று அடங்கும். அந்தக் காலில் ரிலே இருந்தால் ஒருமுறை 'டிக்' என்று அடிக்கும். விளக்கென்றால் கண்சிமிட்டலோடு போய்விடும். கேட் மோட்டார் என்றால் நடுவில் நிற்கிற குழந்தைக்கு ஆபத்து. சந்தையில் கிடைக்கும் ரிலே பலகைகள் பலவும் தலைகீழ் வேறு: காலில் மின்னழுத்தம் இறங்கினால்தான் ரிலே இழுக்கும். இதை அமைப்பில் குறிக்க மறந்தால் 'ஆஃப்' என்றால் ஓடும், 'ஆன்' என்றால் நிற்கும். ஆகவே முதலில் ஒரு சாதாரண பல்பை மாட்டி, மெயினைப் பலமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கிறார். மோட்டார் வயரை அதன்பிறகுதான் தொடுகிறார்.

வீட்டுக்காரரிடம் இவர் கேட்கும் முதல் கேள்வி, "கரண்டு போயிட்டு வந்தா எது எது எப்படி இருக்கணும்?" விளக்கு பழைய நிலைக்கே வரலாம். ஏசி சில நிமிடம் காத்திருக்க வேண்டும். மோட்டார் கட்டாயம் அணைந்தே இருக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வியை இவர் விட்டதே இல்லை. அப்போது, வேறு யாரோ அமைத்துக் கொடுத்த ஒரு பூட்டிய வீட்டில், கரண்டு திரும்பியதும் மோட்டார் பழைய நினைவில் தானே ஓடியிருக்கிறது. தொட்டி நிறையச் சேறு. மோட்டார் எரிந்துபோனது.

ரிலேயின் முதுகில் '10 ஆம்பியர்' என்று அச்சடித்திருப்பதை நம்பி மோட்டாரை நேராக அதில் கொடுப்பவர்கள் உண்டு. மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ரிலேக்குள் இருக்கும் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கைபேசியில் எத்தனை முறை அணைத்தாலும் மோட்டார் நிற்காது. இவர் ரிலேயைக் கொண்டு, அந்தச் சுமையைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை இயக்குகிறார், கான்டாக்டர் மோட்டாரை இயக்குகிறது.

தொட்டியின் நீர்மட்டத்தை அறிய எஃகுக் கம்பிகளை இறக்கும் முறை இங்கே எடுபடாது. நேர்மின்சாரம் பாயும் கம்பி உப்புநீரில் அரித்தே போகும். உள்ளே காந்தம் வைத்த மிதவை போதும் என்கிறார். மேல்மட்டத்துக்கு ஒன்று, கீழ்மட்டத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் இடையே போதிய தூரம் இல்லாவிட்டால் தண்ணீர் சற்று அலம்பினாலே ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும்.

எனக்கு மிகப் பிடித்தது ஈரப்பத சென்சாரைச் சோதிக்கும் விதம். மூடியுள்ள ஒரு பாட்டிலில் உப்பைக் கொட்டி, சேறுபோல் ஆகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, அதன்மேல் படாமல் சென்சாரைத் தொங்கவிட்டு இறுக மூடுகிறார். மறுநாள் காலையில் அது 75 காட்ட வேண்டும். எண்பதுக்கு மேல் காட்டினால் 75ஐவிட எவ்வளவு கூடுதலோ அதை அமைப்பில் கழித்துவிடுவார். அதற்கு அவர் வாங்குவது பாக்கெட் உப்பு.

"ஊரு பூரா உப்பு கொட்டிக் கெடக்கு, நீ கடையில காசு குடுத்து வாங்குறியேடா" என்றார் அவருடைய அம்மா. பல ஆண்டுகள் பாத்தியில் உப்பு வாரியவர். காரணம் அவருக்கும் தெரியும். பாத்தி உப்பில், உப்பு படிந்தபின் மிஞ்சும் கசப்புநீரின் மெக்னீசியம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது இன்னும் பேராசையோடு ஈரத்தை இழுப்பதால் கணக்கு 75க்குக் கீழே இறங்கிவிடும்.

பாத்தியிலும் சென்சார் வைத்தால் என்ன என்று கேட்டேன். உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில் கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. 25 எட்டும்போது உப்பு படியும். 29 தாண்டினால் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். மின்கடத்தலை அளக்கும் சென்சார் கடைசிக் கட்டத்தில் ஏமாற்றும். நீர் அடர்த்தியாக ஆக, அதன் அளவு ஏறுவது தணிந்துவிடும். அடர்த்தியைக் காட்டும் மிதக்கும் கண்ணாடிக் குழாயே இன்னும் மேல் என்பது அம்மா, மகன் இருவரின் தீர்ப்பும்.

கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் கைபேசித் திரையின் அழகைப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். கரண்டு திரும்பினால் மோட்டார் என்ன செய்யும் என்று கேளுங்கள். பெட்டியைத் திறந்து வார்னிஷ் இருக்கிறதா பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், சென்சார்களைச் சோதிக்க வரும் ஆளுக்குக் கூலி கொடுக்கத் தயங்காதீர்கள்.