மனிதர் வெட்டிய ஆற்றில் ஒரு நாள்

பிரான்சு நாடு என்றதும் நம் குடும்பங்களில் முதலில் எழும் பெயர் லூர்து. அங்குச் செல்லும் திருப்பயணிகள் பலர் தூலூஸ் நகர் வழியாகவே போய்த் திரும்புகின்றனர். ஆயினும் அந்நகரினின்று மத்தியதரைக் கடலோரத் தோ காயல்வரை 240 கிலோமீட்டர் தொலைவு செல்லும் கால்வாயை நின்று நோக்குவோர் சிலரே. 'கனால் டூ மிடி', அதாவது தெற்குக் கால்வாய் என்பது அதன் பெயர். அதன் கீழ்ப்பகுதியில், கப்பெஸ்தாங் என்னும் சிற்றூரிலிருந்து பெசியே நகர்வரை, நண்பர் ஒருவரின் சொந்தப் படகில் ஒரு பகல் முழுவதும் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

கப்பெஸ்தாங் பாலம் மிகத் தாழ்ந்தது. அதன் வளைவினுள் நுழையுமுன் படகின் உயரத்தை அளந்து பார்த்துக்கொள்கின்றனர். நாமும் தலையைத் தாழ்த்தி அப்பால் சென்றோம். முழுமையுறாமலே நின்றுவிட்ட புனித முடியப்பர் ஆலயத்தின் நெடுங்கோபுரம் நெடுநேரம் நம்முடன் வந்தது. ஒருமுறை வலப்புறம் தோன்றும், மறுமுறை இடப்புறம் தோன்றும். நிலத்தின் மட்டம் மாறாதபடி குன்றுகளின் ஓரமாகவே கால்வாயை வளைத்து வளைத்து வெட்டியிருப்பதே இதற்குக் காரணம். இப்பகுதியில் 54 கிலோமீட்டருக்கு ஒரு மதகும் இல்லை. மணிக்கு எட்டுக் கிலோமீட்டருக்குமேல் செல்லலாகாது என்பது விதி. கரையில் சைக்கிளில் வந்த சிறுவர்கள் நம்மை எளிதாக முந்திக்கொண்டு கையசைத்தனர்!

நண்பகலில் உணவுக்காகக் கரை ஒதுங்கினோம். அருகில் மரங்கள் இருந்தும் நண்பர் அவற்றில் கயிற்றைக் கட்டவில்லை. இரும்பு முளைகளை நிலத்தில் அறைந்து கட்டினார். கரையோரத்துப் பிளேன் மரங்கள் கொடியதொரு பூஞ்சண நோய்க்கு இரையாகி வருகின்றன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் கொண்டுவந்த வெடிபொருட் பெட்டிகளின் மரப்பலகை வழியாக அந்நோய் பிரான்சில் நுழைந்ததெனக் கருதப்படுகிறது. 2006-இல் அது இக்கால்வாயை எட்டியது. மருந்தில்லை, வெட்டி எரிப்பதே வழி. 42,000 என மதிப்பிடப்பட்ட மரங்களில் பெரும்பகுதி போய்விட்டது. நிழலாய் நீண்ட பாதை திடீரென வெட்டவெளியாகும் இடங்களில் படகிலிருந்தோர் பேச்சும் நின்றுபோயிற்று. நோயைத் தாங்கும் புதிய கன்றுகளையும் வேறு வகை மரங்களையும் நட்டு வருகின்றனர்.

இக்கால்வாயை வெட்டுவித்தவர் பியேர் போல் ரிக்கே. உப்புவரி வசூலிக்கும் குத்தகைக்காரர், பொறியியல் கற்றவரல்லர். தூலூஸ் பேராயரின் ஊக்கத்தால் 1662-இல் மன்னர் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேருக்கு எழுதி, 1666-இல் ஆணை பெற்றார். பள்ளம் தோண்டுவது பெரிதன்று. மேட்டின் உச்சிக்கு நீர் எங்கிருந்து வரும் என்பதே பலரையும் திகைக்கச் செய்த கேள்வி. கருமலை ஓடைகளை ஒன்றுசேர்த்து, சேன் ஃபெரியோல் என்னுமிடத்தில் பேரணை எழுப்பி, அந்நீரை நோரூஸ் மேட்டிற்குக் கொணர்ந்து இருபுறமும் இறங்கவிட்டார் அவர்.

பன்னீராயிரம்பேர்வரை உழைத்தனர், பெண்களும் அவருள் பலர். மாதச் சம்பளம் தரப்பட்டது. ஞாயிறு, திருநாள், மழைநாள், நோயுற்ற நாள் எதற்கும் பிடித்தம் இல்லை. தினக்கூலியில் வாழ்ந்தோர்க்கு இதன் அருமை விளங்கும். ஆட்கள் விட்டுப் போகாதிருக்கவேண்டும் என்ற கணக்கும் இதில் இருந்திருக்கும். ஏழைகளின் உப்பின்மேல் விழுந்த வரியும் இதற்கே செலவாயிற்று. எனவே ரிக்கேயைப் புனிதராக்க நாம் துணியோம். எனினும் ஓய்வுநாளுக்கும் ஊதியம் தந்த அக்கையை எளிதில் மறக்கவும் இயலவில்லை. தம் செல்வத்தையும் கொட்டிப் பெருங்கடனாளியான அவர், 1680 அக்டோபரில் மரித்தார். கால்வாய் திறக்கப்பட்டது 1681 மே மாதத்தில். தூலூஸ் பேராலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

பிற்பகலில் மல்பா குன்று வந்தது. அதனுள் ஏறத்தாழ 165 மீட்டர் சுரங்கம். பணியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தும், ரிக்கே ஒரு கொத்தனாரைக் கொண்டு சில நாட்களுக்குள் இரகசியமாகக் குடைந்து முடித்தார் என்று சொல்வர். இதே குன்றினடியில் இன்னும் இரண்டு சுரங்கங்கள் உள. ஒன்று ரயிலுக்குரியது. மற்றது மிகப் பழையது: 1247-இல் நர்போன் பேராயர் இசைவளித்தபின், மொந்தாடிச் சதுப்பேரியை வடிக்க வெட்டிய வடிகால். குன்றின்மேல் ஏறிப் பார்த்தால் அந்த ஏரிநிலம் சக்கரத்தின் ஆரங்களைப்போல் வயல்களாகப் பிரிந்து கிடப்பது தெரியும்.

பெசியேயை நெருங்கினால் ஃபோன்செரான் மதகுகள். மலைச்சரிவில் படிக்கட்டுப்போல் எட்டுத் தொட்டிகள். மொத்த இறக்கம் 21 மீட்டருக்குமேல். முட்டை வடிவான தொட்டியில் படகு நுழைந்ததும் பின்கதவு மூடப்படுகிறது. முன்கதவின் கண்களைத் திறக்க, நீர் கீழ்த்தொட்டிக்கு வடிகிறது. மட்டம் ஒத்ததும் கதவு திறக்கிறது. தொடக்கத்தில் நேர்ச்சுவராய்க் கட்டிய ஒரு தொட்டி மண் நெருக்கி இடிந்ததால், ரிக்கே இவ்வளைவான வடிவை மேற்கொண்டார். இறங்கும் படகுக்கு ஒரு வேளை, ஏறும் படகுக்கு ஒரு வேளை, ஆகவே காத்திருந்தோம். பின்னர் தொட்டி தொட்டியாக இறங்குகையில், எதிர்க்குன்றின்மேல் பெசியேயின் பழம் பேராலயம் சிறிது சிறிதாக உயர்ந்துகொண்டே போயிற்று.

ஆறு தொட்டிகள் இறங்கியதும் படகு பக்கவாட்டில் திரும்பி, ஓர்ப் ஆற்றைக் கடக்க 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கற்பாலத்தின்மேல் ஏறியது. பாலத்தின்மேல் நீர், நீரின்மேல் நாம். கீழே எட்டிப் பார்த்தோம். ஆறு தன் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.