கோலார் தக்காளியும் பூந்தமல்லி மெஸ்ஸும்!

ஒரு சின்னக் கேள்வி. இன்னிக்குக் காலையில இட்லிக்கு ஊத்தின சாம்பார்ல மிதந்த முருங்கைக்காய்க்கு எந்த ஊர்? ‘சிலபஸே தெரியலை, இதுல முருங்கைக்காய் ஊர் வேறயா’ன்னு நீங்க சிரிக்கலாம். சரி, நமக்குத் தெரிய வேணாம். அதை வெட்டிப் போட்ட ஹோட்டல்காரருக்குத் தெரியுமா? தெரியும்னா, யார் சொல்லி?

இதைத் தேடி உங்களைப் பூந்தமல்லிக்குக் கூட்டிட்டுப் போறேன். பஸ் ஸ்டாண்டுல இறங்கி டிரங்க் ரோடு பக்கம் நடங்க. டிபன் கடை, பிரியாணி தபரா, டீக்கடை, மறுபடி பிரியாணி. காலையில காலேஜ் பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ்னு இறங்கி ஏறுற கூட்டத்துக்கெல்லாம் சோறு போடுற ஊர் இது. பூவிருந்தவல்லிதான் மருவி பூந்தமல்லி ஆச்சுன்னு சொல்வாங்க. ராமானுஜர் காலத்துல வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். இங்கே தோட்டம் போட்டுப் பூப்பறிச்சு, காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலுக்கு நடந்தே கொண்டு போனார்னு வரலாறு. தோட்டக்காரர், லோடுமேன், டெலிவரி எல்லாம் ஒரே ஆள். ‘இந்தப் பூ எங்கிருந்து வந்துச்சு?’ன்னு கேட்கிற வேலையே பெருமாளுக்கு இல்லை!

இப்ப நிலைமை வேற. கோலார், மதனப்பள்ளி பக்கத்துத் தக்காளி ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் வழியா ராத்திரியில லாரியில வருது. அது எந்த ஊர் ஓரமா போகுது தெரியுமா? இதே பூந்தமல்லி. ஆனா இங்கே இறங்காது. நேரா கோயம்பேடு போகும், அங்கே கமிஷன் மண்டியில இறங்கும், ஏலமோ பேரமோ முடியும். அப்புறம் ஒரு குட்டி யானை வண்டியில ஏறி, வந்த வழியே திரும்பி விடியற்காலையில பூந்தமல்லி மெஸ் வாசலுக்கு வரும். போகவர சுமார் இருபத்தஞ்சு கிலோமீட்டர். இந்த ரவுண்டுல தக்காளி எதையும் இழக்கலை, தன்னோட ஊர்ப்பேரைத் தவிர.

எப்படின்னு கேளுங்க. மண்டியில தர்ற துண்டுச்சீட்டுல எடை இருக்கும், ரேட் இருக்கும். ஊர் இருக்காது. ஊர் வாய்வழியாத்தான் வரும். விவசாயி மண்டிக்காரருக்குப் போன்ல சொல்வார், மண்டிக்காரர் லோடுமேனுக்கு, லோடுமேன் வாங்க வந்தவருக்கு. மின்சாரம் மாதிரிதான், ஒவ்வொரு கம்பியிலயும் கொஞ்சம் லாஸ்.

அதனால ஹோட்டல்காரங்க கண்ணையும் கையையும் நம்புறாங்க. டிரங்க் ரோட்டுல மெஸ் வெச்சிருக்கிற ஒரு அண்ணாச்சிகிட்ட கேட்டேன். “மூட்டையைத் தொட்டாலே தெரிஞ்சிரும்ல தம்பி. நாசிக் வெங்காயம்னா தோல் காஞ்சு, நாலு அடுக்கா இருக்கும், வெச்சுக்கிடலாம். கர்னூல்னா ஈரம், ரொம்ப நாள் தாங்காது. அன்னன்னைக்குத் தீத்துரணும்”னார். அவர் மாஸ்டருக்கு அதுகூட வேணாம். ரசத்துக்குப் போட்ட தக்காளி புளிச்சாலே நாட்டுத்தக்காளி, கரையாம முழிச்சுக்கிட்டு நின்னா ‘பெங்களூரு’. லேப் ரிப்போர்ட்டே அடுப்புலதான்.

நம்ம மார்க்கெட் பாஷையிலயே ஊர் ஒட்டிக்கிட்டு இருக்கிறதைக் கவனிச்சிருக்கீங்களா? நாசிக் வெங்காயம், ஊட்டி கேரட், மாலூர் கேரட், ஒட்டன்சத்திரம் முருங்கை. இது வெறும் பட்டப்பேர் இல்லை, ரேட்டே இதை வெச்சுத்தான். ஊட்டி கேரட்டுக்குத் தனி மவுசு, தனி விலை. அதனாலேயே ‘ஊட்டி’ன்னு சொல்லி வேற கேரட்டைத் தள்ளுற ஆசையும் வரும். (பெங்களூர் கத்திரிக்காய் கதை தனி. அது கத்திரிக்காயே கிடையாது, சௌசௌ!)

2019 டிசம்பர் ஞாபகம் இருக்கா? வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டினப்ப எகிப்து வெங்காயம் கப்பல்ல வந்து இறங்குச்சு. பெரிசு பெரிசா, கருஞ்சிவப்பா இருக்கும். பல ஹோட்டல்காரங்க முகம் சுளிச்சாங்க. வதங்குறதும் வேற, ருசியும் வேற. சாப்பிடுற யாருக்கும் தெரியாம ஒரு நாட்டையே மாத்தலாம்னு பார்த்தா, முதல்ல மாஸ்டரோட கரண்டியே கண்டுபிடிச்சிடுச்சு.

அடுத்த வருஷமே பூந்தமல்லிக்காரங்களுக்கு ஒரு அதிசயம் நடந்துச்சு. கொரோனா பரவினதால 2020 மே 5-ல கோயம்பேடு மார்க்கெட்டை மூடினாங்க. 1996-ல திறந்த, 3,000 கடைக்கு மேல இருக்கிற மார்க்கெட். அதுக்குப் பதிலா ஒரு வாரத்துக்குள்ள திருமழிசையில தற்காலிக மார்க்கெட், சுமார் 200 கடை. பூந்தமல்லியிலிருந்து நாலஞ்சு கிலோமீட்டர்தான்! செப்டம்பர் 28-ல கோயம்பேடு மறுபடி திறக்கிற வரைக்கும், சென்னைக்கே காய்கறி இந்தப் பக்கத்துல இருந்துதான் போச்சு. மழை பெய்தா முழங்கால் சேறு, அழுகின காய் குவியல் குவியலா கிடந்துச்சு, வியாபாரிங்க பட்ட பாடு சாதாரணம் இல்லை. ஆனா அண்ணாச்சிக்கு அந்த மாசங்கள்ல ஒரு லாபம். “பார்சல் மட்டும்தான், யாவாரம் பாதிதான். ஆனா நானே வண்டியில போயிருவேன். லாரி டிரைவர்ட்டயே ‘எங்கிருந்து வர்றீய’ன்னு கேப்பேன். மொத மொறையா எனக்கு நேரடியா பதில் கிடைச்சுது” என்றார். மார்க்கெட் திரும்பிப் போனதும், பழையபடி குட்டி யானை, பழையபடி துண்டுச்சீட்டு.

காய்கறியில ஊர் தெரியலைன்னா ரசம் கொஞ்சம் புளிக்கும், அவ்வளவுதான். கறியில தெரியலைன்னா? 2018 நவம்பர் 17-க்கு வாங்க. ஜோத்பூர்ல இருந்து ரயில்ல வந்த 2,000 கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சியை எழும்பூர் ஸ்டேஷன்ல பிடிச்சாங்க. வால் நீளமா இருக்குன்னு ஆரம்பிச்சது, ‘நாய்க்கறி’ன்னு சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா வாட்ஸ்அப். சில நாள் கழிச்சு சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி டெஸ்ட் முடிவு வந்துச்சு: ஆட்டுக்கறிதான். ஆனா அந்தச் செய்தியை யார் ஃபார்வர்ட் பண்ணாங்க? பூந்தமல்லியில ஒரு பிரியாணிக்கடை ஓனர் சொன்னது இது: “நான் வாங்குறது பதினஞ்சு வருஷமா ஒரே பாய் கடை. கண்ணு முன்னாடி தொங்குற கறி. ஆனா கஸ்டமர் கேட்டப்ப நீட்டிக் காட்ட எங்கிட்ட ஒரு பேப்பர் இல்லப்பா. தபரா தபராவா மிஞ்சிப்போச்சு. ரெண்டு பசங்களை வேலையை விட்டு அனுப்பினேன்.” அவருக்கு ஊர் தெரியும், நிரூபிக்கத்தான் முடியலை. இதைக் கேட்டப்புறம்தான் எனக்கு இந்தக் கட்டுரை விளையாட்டு இல்லைன்னு பட்டது.

சட்டம் இருக்கு. 2006-ல வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2011 ஆகஸ்ட் 5-லிருந்து அமல். லைசன்ஸ் வாங்கின ஹோட்டல், லைசன்ஸோ பதிவோ இருக்கிற இடத்துலதான் சரக்கு வாங்கணும், கணக்கும் வெச்சிருக்கணும். ஆனா விவசாயிக்கும் மீனவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அவங்களையும் ஃபாரம் நிரப்பச் சொன்னா பாவம், அது நியாயம்தான். விளைவு என்னன்னா, காகிதம் மண்டி வரைக்கும் போகும், வயல் வரைக்கும் போகாது. ஐரோப்பாவில 2005-லிருந்து எல்லா உணவு வியாபாரியும் ‘ஒரு படி பின்னாடி யார், ஒரு படி முன்னாடி யார்’னு காட்டியாகணும். அவங்களுக்கு ஏற்றுமதி பண்ற நம்ம திராட்சைக்கு அபெடா நடத்துற ‘கிரேப்நெட்’ இருக்கு, எந்தத் தோட்டம்னு வரைக்கும் சொல்லிடும். ஆக, லண்டன்காரர் சாப்பிடுற நாசிக் திராட்சைக்குத் தோட்டத்து அட்ரஸ் உண்டு. நாம சாப்பிடுற நாசிக் வெங்காயத்துக்கு அண்ணாச்சியோட கட்டைவிரல்தான் சாட்சி! சாஃப்ட்வேர் பசங்களா, புராஜெக்ட் தலைப்பு இல்லாம அலையுறவங்க நோட் பண்ணிக்கோங்க.

நீங்க பார்க்கக்கூடியது ஒண்ணு இருக்கு. 2022 ஜனவரி 1-லிருந்து ஹோட்டல் பில்லுலயே 14 இலக்க லைசன்ஸ் நம்பர் அச்சடிக்கணும். தமிழ்நாட்டு மாநில லைசன்ஸ்னா 124-ல ஆரம்பிக்கும், அதுக்கடுத்த ரெண்டு இலக்கம் வருஷம். தள்ளுவண்டி மாதிரி சின்னக் கடைக்கு லைசன்ஸ் இல்லை, பதிவுதான். அந்த நம்பர் 2-ல ஆரம்பிக்கும். பில்லைக் கசக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க.

கடைசியா மீன். பூந்தமல்லியிலிருந்து கோயம்பேடு போற வழியில வானகரம் மீன் மார்க்கெட். ஞாயித்துக்கிழமை காலையில போனா சட்டையை மறந்துடுங்க, துவைச்சாலும் போகாது. ஐஸ் பெட்டி பெட்டியா காசிமேட்டு மீன், கேரளா மீன், ஆந்திரா குளத்துக் கட்லான்னு எல்லாம் பக்கத்து பக்கத்துல. 2018-ல ஃபார்மலின் பயம் கிளம்பினதுல இருந்து, வாங்குறவங்க செவுளைத் தூக்கிப் பார்க்காம நகர்றதில்லை. ஹோட்டல்காரங்களுக்கு இங்கே காலண்டரே ஒரு துப்பு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் நம்ம கடற்கரையில விசைப்படகு போகக் கூடாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், மத்தபடி பெரிய மீனுக்கு மேற்குக் கடற்கரையோ குளிர்பதனக் கிடங்கோதான் கதி.

அதனால மே மாசம் ஏதாவது ஒரு கடையில ‘வஞ்சிர வறுவல்’ போர்டு பார்த்தா, “அண்ணே, இது எங்கிருந்து வருது?”ன்னு மெதுவா கேட்டுப் பாருங்க. “எல்லாம் இன்னிக்குக் காலையில காசிமேடு”ன்னு யோசிக்காம பதில் வந்தா, எதுக்கும் ஒரு ஆம்லெட் சொல்லுங்க. மாஸ்டர் கரண்டியை நிறுத்தி, “கொச்சி லோடு தம்பி, ஐஸ்ல வந்தது”ன்னு சொன்னா, தைரியமா ரெண்டு பீஸ்!