கலைத்திட்டத்துக்குப் பாடசாலைக்குள் ஒரு பொறுப்பாளர் வேண்டும்

பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் தயாராகின்றன. கொழும்புக்கும் மலையகத்தின் பொகவந்தலாவைக்கும் அவை ஒன்றுதான். ஆனால் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைக்கு எந்த உதாரணத்தோடு, எவ்வளவு வேகத்தில் கற்பிப்பது என்பதை மகரகம தீர்மானிக்க முடியாது. அது பகுதித் தலைவரும் பாட இணைப்பாளரும் செய்ய வேண்டிய வேலை. 2007இல் வந்த தேர்ச்சி மையக் கலைத்திட்டம் பிள்ளையின் செயற்பாட்டை நடுவில் வைத்தது. வகுப்பறையில் அது நடக்கிறதா என்று பார்க்க ஆளில்லாத பாடசாலையில், குறிப்புச் சொல்லி எழுதவைக்கும் பழைய முறையே தொடரும். பாடக்குறிப்பில் கையொப்பமிடுவது மட்டும் கலைத்திட்டத் தலைமைத்துவம் ஆகாது. சக ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து பார்ப்பது, தவணைப் பரீட்சை விடைத்தாள்களைச் சேர்ந்திருந்து அலசுவது, ஆறாம் தரத்தில் விட்ட இடைவெளி பத்தாம் தரத்துக்குப் போகாமல் தடுப்பது, இவைதான் அதன் உள்ளடக்கம்.

கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்குமே ஆசிரியர் போதாத தோட்டப் பாடசாலையில் இதற்கு நேரம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பற்றாக்குறை உள்ள இடத்தில்தான் ஒருவர் தன் பாடமல்லாததையும் கற்பிக்கிறார். ஆசிரிய உதவியாளராக நியமனம் பெற்றவர் வேலை செய்துகொண்டே தொழிலைக் கற்கிறார். வழிகாட்டல் அவர்களுக்கே அதிகம் தேவை. ஹட்டன் கல்வி வலயத்தின் ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்களே என்றால், பல பாடசாலைகளுக்குப் பொதுவான ஒருவரால் தினமும் ஒரே வகுப்பறையைக் கவனிக்க முடியாது. ஆகவே அதிபர்கள் நேரசூசியிலேயே பாட இணைப்பாளருக்கு வாரம் இரண்டு பாடவேளையாவது ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தை வேறு எழுத்துவேலைக்கு எடுக்கவும் கூடாது.